கார் கிளம்பாத காலையில்

காலை ஏழே முக்கால் மணி. சாப்பாட்டு டப்பா கட்டியாகி விட்டது. குழந்தைகள் பின் ஸீட்டில் ஏறிச் சண்டையையும் ஆரம்பித்து விட்டார்கள். நீங்கள் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறீர்கள். கார் கிளம்பவில்லை. மறுபடியும் திருப்புகிறீர்கள். ஊஹூம்!

இந்த இடத்தில் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்கிறோம்? மூன்றாவது தடவையும், நாலாவது தடவையும், பதினைந்தாவது தடவையும் சாவியைத் திருப்புகிறோம். பிறகு ஒரு மெக்கானிக்குக்கு டெலிபோன் செய்கிறோம். அவர் வந்து, "பாட்டரி போச்சும்மா" என்கிறார். நாமும் தலையை ஆட்டி விட்டுப் பணத்தை எடுக்கிறோம்.

என் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. ஐயாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதுப் பாட்டரி போட்டோம். கார் அசையவில்லை! அந்தக் கதையைச் சொன்னால் உங்களில் நாலு பேருக்காவது அந்த ஐயாயிரம் மிச்சமாகுமே என்றுதான், ஊறுகாயையும் ஊர்ப் பிரயாணத்தையும் ஒதுக்கி வைத்து விட்டு, இந்த வாரம் பானெட்டைத் திறக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கார் ஓர் அம்பாஸடர். 1987-ல் என் மாமனார் கடன் போட்டு வாங்கியது. வங்காளத்தில், உத்தரபாராவிலிருந்த தொழிற்சாலை 2014 மே மாதம் வேலையை நிறுத்தியதோடு அம்பாஸடர் உற்பத்தியும் நின்று போயிற்று. எங்கள் தெருவில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். என் நாத்தனார்கள் இரண்டு பேரும் புக்ககம் போனது இந்தக் காரில். என் பையன் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் இதில். எனக்குக் கல்யாணமான புதிதில், "பத்திரிகை ஆபீஸ் வேலை, நேரங்கெட்ட நேரத்திலே யாரையும் எதிர்பார்க்காம வரத் தெரியணும்மா" என்று சொல்லி, மாமா எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் இதில்தான்.

மாமாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. கிளாக்கோமா என்ற பொல்லாத கண் வியாதி கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையைக் கொண்டு போய் விட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுந்தான் இப்போது தெரியும். ஸ்டியரிங்கைத் தொட்டு ஆறு வருஷமாகிறது. ஆனாலும் நான் காரை வெளியே எடுக்கும் நேரத்துக்குத் தவறாமல் வராந்தா நாற்காலிக்கு வந்து விடுவார். என்னை வழியனுப்ப வருகிறார் என்று வெகு நாள் நினைத்துக் கொண்டிருந்தேன். அவர் வருவது கார் புறப்படும் சத்தத்தைக் கேட்பதற்கு!

போன நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை கார் கிளம்பவில்லை. ஒரு மெக்கானிக் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் புது வண்டிகளிலேயே பழகியவர். முதல் நாள் பாட்டரியை மாற்றினார். இரண்டாம் நாள் நாலு பிளக்கையும் மாற்றினார். மூன்றாம் நாள் இக்னிஷன் காயில். ஒவ்வொரு தடவையும் இஞ்சின் மும்முரமாகச் சுற்றுமே தவிர, பற்றிக் கொள்ளாது. கடைசியில் கையைத் துடைத்துக் கொண்டே, "டிஸ்ட்ரிபியூட்டரைக் கூண்டோட மாத்தணும். சாமான் கிடைக்கிறது கஷ்டம். வண்டிக்கும் வயசாச்சும்மா. காயலான் கடைக்குப் போட்டுட்டு நல்ல வண்டியா ஒண்ணு எடுத்துடுங்க" என்று சொல்லி விட்டார்.

என் கணவருக்கும் அலுத்து விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை காயலான் கடைக்காரர் வந்து விலை சொல்வதாக ஏற்பாடு ஆகிவிட்டது. அன்றிரவு சாப்பிடும்போது மாமா ஒன்றும் பேசவில்லை. கை கழுவி விட்டு எழுந்திருக்கும்போதுதான் சொன்னார்:

"விக்கிறதுன்னா வித்துடுப்பா. அதிலே எனக்கு ஒண்ணுமில்லே. ஆனா, ஓடாத வண்டின்னு சொல்லி விக்காதே."

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் நானும் அத்தையும் மாமாவும்தான். ஷெட் பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போடச் சொன்னார் மாமா. "வேலை இல்லேன்னா சாவியைக் கொஞ்சம் திருப்பேன், அம்மா" என்றார். திருப்பினேன்.

"போதும், நிறுத்து. பாட்டரி ரொம்ப நல்லா இருக்கு. இதுக்கு முந்தி இருந்த பாட்டரியும் நல்லாத்தான் இருந்தது. அன்னிக்கும் இதே சத்தந்தான். என்னை யாரும் கேக்கலே."

எனக்குச் சுருக்கென்றது. நாலு நாளாக வீட்டில் எத்தனை பேர் அந்தக் காரைப் பற்றி எத்தனை அபிப்பிராயம் சொன்னோம்! அதோடு முப்பது வருஷத்துக்கு மேல் பழகிய மனிதரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்தி, அவர் கேட்ட அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லி விடுகிறேன். உங்கள் கார் பழசோ புதுசோ, இது தெரிந்திருப்பது நல்லது.

கார் கிளம்புவதற்கு இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். ஒன்று, இஞ்சினைச் சுற்றி விடுவது. அதற்கு 'ஸெல்ப்' என்று நாம் சொல்லும் ஸ்டார்ட்டர் மோட்டார் இருக்கிறது. அதற்குப் பாட்டரியிலிருந்து நிறைய மின்சாரம் வேண்டும். இரண்டாவது, இஞ்சினுக்குள் போகும் பெட்ரோல் ஆவியில் சரியான சமயத்தில் பொறி விழுவது. முதலாவது, உரலைச் சுற்றுகிற வேலை. ஆள் பலம் வேண்டும். இரண்டாவது, ஊசியில் நூல் கோக்கிற வேலை. இந்த இரண்டில் எது நடக்கவில்லை என்று தெரிந்து கொள்ளாமல் சாமானை மாற்ற ஆரம்பித்தால், எங்களைப் போல ஐயாயிரத்தை இழக்க வேண்டியதுதான்.

எது நடக்கவில்லை என்று கார் தானே சொல்லும். சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரே ஒரு சத்தமோ, 'டகடகடக' என்று பல் கிட்டுகிற மாதிரிச் சத்தமோ வந்து இஞ்சின் சுற்றாவிட்டால் கோளாறு பெரும்பாலும் பாட்டரிப் பக்கம். சந்தேகமிருந்தால் முன் விளக்கைப் போட்டுக் கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு அணைகிற மாதிரி மங்கினால் பாட்டரியில் சத்து இல்லை, அல்லது அதன் முனையில் கம்பி சரியாகப் பற்றவில்லை. விளக்கு பளிச்சென்று எரிந்து கொண்டே இருந்தும் ஸெல்ப் அசையாவிட்டால், ஸெல்ப்பையோ அதற்குப் போகும் ஒயரையோ பார்க்க வேண்டும். ஆனால் இஞ்சின் 'கிர்... கிர்... கிர்' என்று உற்சாகமாகச் சுற்றியும் பற்றிக் கொள்ளவில்லை என்றால், பாட்டரி தன் வேலையைச் செய்து விட்டது. அதன் மேல் பழி போடாதீர்கள். ஒன்று பொறி இல்லை, அல்லது பெட்ரோல் வரவில்லை. (டீஸல் காருக்குப் பொறியே கிடையாது, அது வேறு ஜாதி.)

பாட்டரிப் பக்கம் கோளாறு என்றாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். கரைசல் பாட்டரிக்குள் மட்டும் இறங்கக் கூடாது. பிறகு துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலீன் தடவுங்கள். கம்பியைக் கழற்றும்போது 'மைனஸ்' முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்து விட்டுத்தான் இந்த வேலை. உலோக வளையல் இரண்டு முனையையும் ஒரே சமயத்தில் தொட்டு விட்டால் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டு விடும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நிஜம்.

சரி, எங்கள் காருக்கு வருவோம். அது நன்றாகச் சுற்றுகிறது. பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைக்கிறது. ஆகையால் பெட்ரோலும் வருகிறது. மீதி இருப்பது பொறிதான்.

பொறி எங்கிருந்து வருகிறது என்று மாமா எனக்குச் சொன்னதை, உங்களுக்கு நம் சமையலறை மொழியில் சொல்கிறேன். காஸ் அடுப்புப் பற்ற வைக்கிற லைட்டரைப் பார்த்திருக்கிறீர்கள். எத்தனை காஸ் வந்தாலும் லைட்டரில் பொறி வராவிட்டால் அடுப்பு எரியாது. இஞ்சினில் லைட்டருடைய வேலையைச் செய்வது பிளக். பாட்டரியில் இருப்பதோ வெறும் 12 வோல்ட். பிளக்கின் நுனியில், அம்பாஸடரில், சுமார் 0.6 மில்லி மீட்டர் இடைவெளி. சின்ன இடைவெளிதான், ஆனால் அதைத் தாண்டிப் பொறி பாய ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். 12 வோல்ட்டை ஆயிரமாக்குவது இக்னிஷன் காயில். அதற்குள்ளே தடித்த கம்பி சில நூறு சுற்றும், தலைமயிர் போன்ற கம்பி பல ஆயிரம் சுற்றும் இருக்கின்றன. தடித்த கம்பியில் மின்சாரம் ஓடும்போது அது காந்தமாகிறது. அந்த மின்சாரத்தைத் திடீரென்று வெட்டினால் காந்தம் பொசுக்கென்று சரிந்து, மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்புகிறது. விசேஷமெல்லாம் மின்சாரத்தைக் கொடுப்பதில் இல்லை, வெட்டுவதில் இருக்கிறது!

அப்படி வெட்டுவதற்குப் பழைய கார்களில் காண்டாக்ட் பாயிண்ட் என்று ஒன்று உண்டு. இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். சேர்ந்தால் மின்சாரம் ஓடும், பிரிந்தால் நிற்கும். நன்றாகத் திறந்திருக்கும்போது இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, கிட்டத்தட்ட ஒரு விசிட்டிங் கார்டின் கனம். பக்கத்திலேயே கண்டென்ஸர் என்று ஒரு சின்னக் குப்பி. வெட்டு சுத்தமாக விழுவதற்கு அது வேண்டும். அது கெட்டால் பாயிண்ட் கருகிப் போகும். இவை எல்லாவற்றையும் வைத்துக் கொண்டு, நாலு பிளக்குக்கும் முறை வைத்து மின்சாரத்தை அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். பந்தி பரிமாறுகிறவர் மாதிரி என்று சொல்லலாம். ஆனால் வரிசையாகப் பரிமாற மாட்டார். முதல் இலை, மூன்றாவது இலை, நாலாவது இலை, அப்புறந்தான் இரண்டாவது இலை! இஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால், விநாடிக்கு நூறு தடவை அந்தப் பாயிண்ட் திறந்து மூட வேண்டும். நாம் சாவகாசமாகப் பாட்டுக் கேட்டுக் கொண்டு போகிறோம். அது அங்கே படுகிற பாடு நமக்கு எங்கே தெரிகிறது!

"டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டு" என்றார் மாமா. இரண்டு பக்கமும் கிளிப்பைத் தள்ளினால் வந்து விடுகிறது. புடைவைத் தலைப்பை இழுத்துச் செருகிக் கொண்டேன். மூடியை அவர் கையில் கொடுத்தேன். விரலை விட்டு உள்ளே தடவினார். மழைக் காலத்தில் இதற்குள் ஈரம் பூத்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே ஓடிவிடும். உலர்ந்த துணியால் துடைத்தாலே பல கார்கள் கிளம்பி விடுமாம். எங்கள் மூடியில் ஈரம் இல்லை. "விரிசல் என் விரலுக்குத் தெரியாது. நீ டார்ச் அடிச்சுப் பாரு. பென்ஸிலாலே கோடு போட்ட மாதிரிக் கறுப்பா ஏதாவது ஓடுதா?" அப்படி ஒன்றும் ஓடவில்லை. நடுவிலுள்ள கரித் துண்டு ஸ்பிரிங்கோடு ஒழுங்காக இருந்தது. பாயிண்ட் பொட்டுகளும் கருகவில்லை.

அடுத்தாற்போல் மாமா தம் அலமாரியிலிருந்து பிஸ்கோத்து டப்பா ஒன்றை எடுத்து வரச் சொன்னார். அதில் இருந்தது ஒரு பொக்கிஷம்! இண்டிகேட்டர் பல்பு ஒன்று. அதில் இரண்டு நீள ஒயர்கள் பற்ற வைத்திருந்தன. அவ்வளவுதான். எந்த மின்சாரக் கடையிலும் சில பத்து ரூபாயில் செய்து கொள்ளலாம். ஓர் ஒயரை இஞ்சினின் வெறும் இரும்பில் வைக்க வேண்டும். மற்றொன்றால் காயிலின் சின்ன முனைகளைத் தொட வேண்டும். நடுவிலே தடித்த ஒயர் போகிற முனையைத் தொடவே கூடாது. அங்கேதான் ஆயிரக்கணக்கான வோல்ட்.

சாவியை 'ஆன்' செய்து, சாவியிலிருந்து ஒயர் வருகிற முனையைத் தொட்டேன். விளக்கு எரிந்தது. அது வரையில் மின்சாரம் வருகிறது என்று அர்த்தம். அடுத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒயர் போகிற முனை. அத்தை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வாழ்நாளில் முதல் தடவை! கியர் நியூட்ரலிலும் ஹாண்ட் பிரேக் இழுத்தும் இருக்கிறதா என்று மாமா மூன்று தடவை கேட்டு விட்டார்.

"விளக்கு மினுக் மினுக்குன்னு எரியுதா, ஒரே மாதிரி எரியுதா?"

"ஒரே மாதிரி எரியுது, மாமா."

மாமாவின் முகம் மலர்ந்து விட்டது. "கண்டு பிடிச்சாச்சு!" என்றார்.

இஞ்சின் சுற்றும்போது பாயிண்ட் சேர்ந்து சேர்ந்து பிரிகிறதல்லவா? சேரும்போதெல்லாம் மின்சாரம் அந்த வழியே இறங்கி விடும்; விளக்கு அணையும். பிரியும்போது எரியும். ஆகையால் மினுக்க வேண்டும். எரியாமலே இருந்தால் மின்சாரம் எங்கோ ஒரேயடியாக ஒழுகுகிறது, அல்லது காயில் அறுந்து விட்டது. அணையாமலே எரிந்தால், பாயிண்ட் சேர்ந்தும் மின்சாரம் இறங்கவில்லை. நடுவில் எங்கோ வழி அறுந்திருக்கிறது.

"பாயிண்ட்டுக்குப் போற குட்டி ஒயர் ஒண்ணு இருக்கும். துணி சுத்தியிருக்கும். துடைப்பத்திலேர்ந்து ஓர் ஈர்க்குச்சி கொண்டு வந்து அதை லேசா நகர்த்திப் பாரு." பாயிண்ட் சேர்ந்திருக்கிற நிலையில் இஞ்சினை நிறுத்தி, ஈர்க்குச்சியால் அந்த ஒயரை இப்படித் தள்ளினேன், விளக்கு அணைந்தது. அப்படித் தள்ளினேன், எரிந்தது. மூன்று அங்குலம் கூட இல்லாத ஒயர்! மேலே துணி முழுசாக இருக்கிறது. உள்ளே செப்பு இழை அறுந்து கிடக்கிறது. இஞ்சின் ஓட்டத்துக்குத் தக்கபடி பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு சிறிது திரும்பிக் கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் ஒயர் மடங்கி மடங்கி, வருஷக் கணக்கில் இழை இழையாக அறுந்து வந்திருக்கிறது. மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தெரு முனையில் டெலிவிஷன் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் பாயிண்ட்டைக் கழற்றி எடுத்துக் கொண்டு ஓடினேன். மெல்லிய இழைகள் நிறைய உள்ள மெத்தென்ற ஒயராகத் தேடி எடுத்துப் பற்ற வைத்துக் கொடுத்தார். தடித்த ஒயர் உதவாதாம்; மறுபடி முறிந்து போகுமாம். ஐம்பது ரூபாய் வாங்கிக் கொண்டார். அதுவும் நான் வற்புறுத்தியதால்.

எல்லாவற்றையும் மாட்டிச் சாவியைத் திருப்பினால், மறுபடியும் கிளம்பவில்லை! எனக்கு அழுகை வந்து விட்டது. மாமா மட்டும் பதறவில்லை. "நாலு நாளா எல்லோரும் மாத்தி மாத்தித் திருப்பியிருக்கீங்க. உள்ளே பெட்ரோல் தேங்கியிருக்கும். பத்து நிமிஷம் ஆறட்டும். ஆக்ஸிலரேட்டரை முழுசா அழுத்திப் பிடிச்சுக்கிட்டுத் திருப்பு. விட்டு விட்டு மிதிக்காதே." பத்து நிமிஷம் ஒரு யுகமாகப் போயிற்று. அழுத்திப் பிடித்துத் திருப்பினேன். ஓர் இருமல். இன்னோர் இருமல். கரும் புகை. அப்புறம் எனக்குப் பழக்கமான அந்தப் பழைய சத்தம்! அத்தை ஷெட்டிலிருந்து கையைத் தட்டினார்.

"இதெல்லாம் பழைய காருக்கு அல்லவா? என் காரில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லையே!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான். இன்றைய பெட்ரோல் கார்களில் காண்டாக்ட் பாயிண்ட் கிடையாது. அந்த வெட்டும் வேலையை மின்னணுக் கருவி செய்கிறது. பல கார்களில் பிளக்குக்குப் பிளக் தலை மேலேயே ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே பல்பையும் ஒயரையும் எடுத்துக் கொண்டு போகாதீர்கள். பிளக் ஒயரைக் கழற்றிப் பொறி பார்க்கிற பழைய வித்தையும் வேண்டாம். ஆளுக்கும் ஆபத்து, கருவிக்கும் ஆபத்து. ஆனால் சத்தம் பார்க்கிற வித்தை அப்படியே செல்லும். அதோடு புது வண்டிகளுக்கென்று சில குறும்புகள் உண்டு. பட்டனை அமுக்கிக் கிளப்பும் கார் என்றால் பிரேக்கை நன்றாக மிதித்திருக்கிறீர்களா? ஆட்டோமாட்டிக் என்றால் கியர் 'பி'யில் இருக்கிறதா? முன் பலகையில் சாவிப் படமோ பூட்டுப் படமோ விடாமல் மினுங்கினால் கார் உங்கள் சாவியை அடையாளம் கண்டு கொள்ளவில்லை. திருட்டுக்காக வைத்த பூட்டு உங்களையே திருடி என்று நினைக்கிறது! வீட்டிலிருக்கும் இன்னொரு சாவியால் பாருங்கள். பல கார்களில் சாவிக்குள்ளிருக்கும் பொத்தான் பாட்டரி தீர்ந்திருந்தாலும், சாவியைப் பட்டனை ஒட்டிப் பிடித்தால் ஏற்றுக் கொள்ளும். மின்சாரக் காரிலும் 12 வோல்ட் பாட்டரி ஒன்று தனியாக உண்டு. அது படுத்து விட்டால், பெரிய பாட்டரி நிறைந்திருந்தும் வண்டி எழுந்திருக்காது.

சுற்றுகிறது, பற்றவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் கூப்பிடும்போது, "கிளம்பவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை, பெட்ரோல் இருக்கிறது, இஞ்சின் விளக்கு எரிகிறது" என்று சொல்லிப் பாருங்கள், அவர் பேசுகிற தோரணையே மாறிவிடும். கருவியை மாட்டிக் காரிடம் கோளாறின் எண்ணைக் கேட்பார்கள். என்ன எண் வந்தது என்று நீங்களும் கேட்டு எழுதி வைத்துக் கொண்டு, பிறகு சாமானை மாற்றச் சம்மதியுங்கள்.

அண்டை வீட்டுக் காரிலிருந்து மின்சாரம் கடன் வாங்குவதானால் வரிசை முக்கியம்: சிவப்பு ஒயர் முதலில் நம் பாட்டரியின் பிளஸ், அடுத்து அவர்கள் பாட்டரியின் பிளஸ், கறுப்பு ஒயர் அவர்கள் மைனஸ், கடைசி நுனி நம் இஞ்சினின் வெறும் இரும்பில், பாட்டரிக்குத் தள்ளி. பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் ஸெல்ப் அடிக்காதீர்கள். நடுவில் அரை நிமிஷமாவது ஓய்வு கொடுங்கள்.

"கரி பிடித்த இந்த வேலையெல்லாம் நமக்கு எதற்கு?" என்று முகம் சுளிக்கிற சகோதரிகளுக்கு ஒரு விஷயம். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார்ப் பிரயாணத்தைச் செய்தவள் ஒரு பெண். 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில், கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக் கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து தாய் வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டிக் கொண்டு போனாள். வழியில் எரிபொருள் தீர்ந்து, மருந்துக் கடையில் கறை எடுக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினாள். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தாளாம். இக்னிஷன் ஒயரில் உறை தேய்ந்து மின்சாரம் ஒழுகியபோது, காலுறையைக் கட்டும் நாடாவை அவிழ்த்துச் சுற்றிக் காரைக் கிளப்பினாளாம்! நாம் ஈர்க்குச்சியைத் தொடுவதற்கு யோசிக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை காயலான் கடைக்காரர் வந்தார். ஷெட்டில் கார் ஓடிக் கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டு விட்டு, டெலிபோனில் சொன்ன விலையைப் போல் இரண்டு பங்கு சொன்னார். மாமா பதிலே சொல்லவில்லை. அத்தையைக் கூப்பிட்டு அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னார். என் கணவர் ஷெட்டுக்குள் போய், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தொட்டுப் பார்த்து விட்டு வந்து, "அப்பா, நீங்க சொன்னா வச்சுக்கலாம்" என்றார்.

இப்போது தினம் காலை ஆறு மணிக்கு மாமாவை முன் ஸீட்டில் உட்கார வைத்துக் கொண்டு கோடம்பாக்கம் பாலம் வரை போய் வருகிறேன். நேற்று திரும்பும்போது, "மூணாவது பிளக் விட்டு விட்டு அடிக்குது, அம்மா" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, இஞ்சின் ஆறிய பிறகு நாலையும் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவது மட்டும் கரி பிடித்திருந்தது.